ஒலிக்காத கம்பி

ஒரு கலைநிகழ்ச்சி சிறப்புற நிகழ்வதற்குக் கலைஞரின் திறமை மட்டும் போதாது; அவர் நிற்கும் மேடை அவருக்குக் காவலாகவும் அமைய வேண்டும். மின்சாரம் வந்த பிறகு, மேடையில் கலைஞரின் காலடியில் எண்ணற்ற கம்பிவடங்கள் ஓடத் தொடங்கின. அவற்றை முறையாகக் கையாள்வது உயிர் காக்கும் கலையாகும். கூத்தும் திருவிழாவும் செழித்த கள்ளக்குறிச்சி நிலப்பகுதியையும் கல்வராயன் மலையையும் களமாகக் கொண்டு அக்கலையை விளக்குகிறது இப்பாடம்.

அரங்கும் அளவும்

அரங்கம் அமைப்பதைத் தனிக்கலையாகவே தமிழர் போற்றினர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அமைப்பை அளவுகளுடன் விவரிக்கிறது. இருபத்து நான்கு பெருவிரல் அளவுடைய கோலால் அளந்து, ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்டதாக அவ்வரங்கு அமைக்கப்பட்டது. உட்புகவும் வெளிச்செல்லவும் இரண்டு வாயில்கள் இருந்தன. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் நிறுத்தப்பட்டன.

நிலத்தைத் தேர்தல், அளவு, வழி, ஒளி என நான்கையும் நிகழ்ச்சிக்கு முன்பே எண்ணிப்பார்த்த மரபு அது. அன்றைய விளக்கு எண்ணெயால் எரிந்தது. இன்றைய விளக்கும் ஒலிபெருக்கியும் மின்சாரத்தால் இயங்குகின்றன. ஆகவே, அரங்கமைப்போர் எண்ணிப்பார்க்க வேண்டியவற்றுள் ஐந்தாவதாகக் கம்பிவடம் சேர்ந்துவிட்டது.

கூத்துக்களத்தில் மின்சாரம்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம், 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது. தெருக்கூத்து வேரூன்றிய வடதமிழகத்தின் ஒரு பகுதி இது. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோவிலின் சித்திரைத் திருவிழாவுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திருநங்கையர் வந்து கூடுகின்றனர். ஊர்தோறும் நடைபெறும் கோவில் விழாக்களில் கூத்தும் மெல்லிசை நிகழ்ச்சியும் விடியும்வரை நீள்வதுண்டு.

கூத்துக்களத்தின் வெளிச்சம் தீவட்டியில் தொடங்கி, பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கடந்து, மின்விளக்கை அடைந்தது. கலைஞரின் குரலை ஊர் எல்லைவரை கொண்டுசெல்லும் பொறுப்பை ஒலிவாங்கி ஏற்றுக்கொண்டது. இம்மாற்றம் கலைஞருக்கு ஓய்வளித்தது. அதனுடன் புதிய இடரையும் கொண்டுவந்தது.

கூத்துக் கலைஞர் வெறுங்காலில் சலங்கை கட்டி ஆடுபவர். புழுதி அடங்குவதற்காக ஆடுகளத்தில் தண்ணீர் தெளிப்பது வழக்கம். தோளிலும் மார்பிலும் தலையிலும் அணிந்த கட்டை அணிகலன்கள், தரையைக் குனிந்து பார்க்க இடம் தருவதில்லை. ஈரத்தரை, வெறுங்கால், சுழன்றாடும் வேகம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் தோலுரிந்த ஒரு வயர் கிடந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பல ஊர்களில் ஒலிவாங்கியைப் பந்தலின் மேற்கழியிலிருந்து தொங்கவிடுவர். ஆடுவோர் காலில் வடம் சிக்காமல் இருக்க, பட்டறிவு கற்றுத்தந்த எளிய வழி அது.

இருவகை வடங்கள்

மேடையில் ஓடும் வடங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். மின்வழங்கலைக் கருவிகளுக்குக் கொண்டுசெல்வது மின்வடம். ஒலிவாங்கி, இசைக்கருவி ஆகியவற்றின் ஒலிக்குறிப்பைக் கொண்டுசெல்வது ஒலிவடம். மின்வடத்தில் 230 வோல்ட் அழுத்தம் பாய்கிறது. ஒலிவாங்கியின் வடத்திலோ ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பகுதிகளே செல்கின்றன.

இவ்விரண்டும் நெடுந்தொலைவு அருகருகே ஓடினால், மின்வடத்தைச் சூழ்ந்துள்ள காந்தப்புலம் ஒலிவடத்தில் புகுந்து ‘ம்ம்ம்’ என்னும் இரைச்சலை உண்டாக்கும். நொடிக்கு 50 சுழற்சிகளை உடைய மாறுமின்னோட்டத்தின் குரலே அந்த இரைச்சல். எனவே, மேடையின் ஒரு பக்கத்தில் மின்வடங்களையும் மறுபக்கத்தில் ஒலிவடங்களையும் கொண்டுசெல்வது முறை. இரண்டும் சந்தித்தே ஆகவேண்டிய இடத்தில், ஒன்றையொன்று செங்கோணத்தில் கடக்கச் செய்ய வேண்டும். மும்முனை மின்சாரம் உள்ள இடத்தில், மேடையிலுள்ள ஒலிக்கருவிகள் அனைத்திற்கும் ஒரே முனையிலிருந்து மின்சாரம் எடுப்பது நலம். இரு வேறு முனைகளுக்கிடையே சுமார் 400 வோல்ட் அழுத்தம் நிலவும் என்பதே காரணம்.

ஒலிக்காத கம்பி

மூன்றுமுனைச் செருகியில் மூன்று கம்பிகள் இணைகின்றன. மின்னோட்டக் கம்பியும் நடுநிலைக் கம்பியும் கருவியை இயக்குகின்றன. பச்சை அல்லது பச்சை-மஞ்சள் உறையுடைய மூன்றாவது கம்பி, கருவியின் உலோக உடலை நிலத்துடன் இணைக்கிறது. கருவி பழுதின்றி இயங்கும்வரை இந்தப் புவி இணைப்புக் கம்பிக்கு வேலையே இல்லை. அதனாலேயே அது வேண்டாதது என்று எண்ணிவிடுகின்றனர்.

கருவிக்குள் மின்னோட்டக் கம்பி உறை கிழிந்து உலோக உடலைத் தொட்டுவிட்டதாகக் கொள்வோம். புவி இணைப்பு இருந்தால், பெருமளவு மின்னோட்டம் அதன் வழியே பாயும், உருகியோ எம்.சி.பி. எனப்படும் தானியங்கு துண்டிப்பானோ உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். புவி இணைப்பு இல்லையெனில், அக்கருவி 230 வோல்ட் அழுத்தத்துடன் அமைதியாகக் காத்திருக்கும். அதைத் தொடும் மனிதரே நிலத்திற்குச் செல்லும் வழியாகிவிடுவார்.

மேடையில் இவ்விடர் இரட்டிப்பாகிறது. மின்கித்தாரின் நரம்புகள், வடத்தின் வழியே ஆம்ப்ளிபயரின் உலோக உடலுடன் இணைந்துள்ளன. ஒலிவாங்கியின் உலோக வலை, வேறொரு கருவியுடன் இணைந்துள்ளது. இரண்டில் ஒன்றில் புவி இணைப்பு அறுந்து மின்கசிவும் இருந்தால், ஒரு கையில் நரம்பையும் மறுகையில் ஒலிவாங்கியையும் பற்றும் கலைஞரின் மார்பின் ஊடே மின்னோட்டம் பாயும். 1972 மே 3 அன்று, பிரிட்டனின் சுவான்சி நகர மேடையில் ‘ஸ்டோன் த க்ரோஸ்’ இசைக்குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி இவ்வாறே உயிரிழந்தார். புவி இணைப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டதே அவர் செய்தது. அப்போது அவருக்கு வயது 27.

ஒலியமைப்பில் இரைச்சல் எழும்போது, செருகியின் பெரிய முனையை உடைத்தெறிந்தால் இரைச்சல் அடங்குவதைச் சிலர் கண்டுள்ளனர். இரு கருவிகள் இரு வேறு வழிகளில் நிலத்துடன் இணைந்து ஒரு வளையம் உருவாவதால் எழும் இரைச்சல் அது. முனையை உடைத்தால் வளையம் அறுந்து இரைச்சல் நிற்பது உண்மைதான். அதனுடன் கலைஞரின் காவலும் அறுந்துவிடுகிறது. எல்லா ஒலிக்கருவிகளுக்கும் ஒரே மின்பலகையிலிருந்து இணைப்புத் தருவதும், ஒலிவடத்தின் பக்கத்தில் ‘டி.ஐ. பெட்டி’ எனப்படும் தனிமைப்படுத்தும் கருவியைப் பயன்படுத்துவதுமே இரைச்சலுக்குரிய மருந்து. புவி இணைப்பில் கைவைப்பது ஒருபோதும் தீர்வாகாது.

> தெரியுமா?
> 1965 டிசம்பர் 3 அன்று, அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், கித்தாரால் ஒலிவாங்கித் தண்டைத் தொட்டவுடன் மின்தாக்குதலுக்குள்ளாகி மயங்கி விழுந்தார். அவர் அணிந்திருந்த ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி அவரைக் காத்ததாகக் கூறப்படுகிறது.

உடலும் மின்னோட்டமும்

மனித உடலைத் தாக்குவது மின்னோட்டத்தின் அளவே. ஒரு மில்லி ஆம்பியர் அளவில் மெல்லிய சுரீர் உணர்வு தோன்றும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத்தசைகள் இறுகி, பற்றிய பொருளை விட இயலாமற் போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் மார்பின் வழியே நீடித்தால், இதயத்துடிப்பே சீர்குலையக்கூடும்.

வியர்வையில் நனைந்த உடலின் மின்தடையை 1000 ஓம் எனக் கொண்டால், ஓமின் விதிப்படி 230 வோல்ட் அழுத்தத்தில் 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க இது போதும். ஆனால், 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதன் அளவில் எழுபதில் ஒரு பங்குதான். எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதரைக் காக்கத் தனிக்கருவி வேண்டும். அதுவே ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுத் துண்டிப்பான். செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மின்னோட்டக் கம்பியையும் நடுநிலைக் கம்பியையும் ஒருவர் ஒருசேரத் தொட்டால் மட்டும் இக்கருவியால் அதை உணர இயலாது. ஆதலால், கருவி இருக்கிறதென்று கவனத்தைக் கைவிடலாகாது.

பாடும்போது உதட்டில் சுரீரென்று உறைத்தால், அதைச் சிரித்துக் கடப்பது தவறு. மின்கசிவு தரும் முதல் எச்சரிக்கை அது. மின்சாரத்தை நிறுத்திக் காரணத்தைக் கண்டறிந்த பிறகே பாட்டைத் தொடர வேண்டும்.

வடம் விரிக்கும் முறை

மேடையில் வடம் விரிப்பதற்கு முறையான வரிசை உண்டு. முதலில், கலைஞர் நடக்கும் வழியும் நிற்கும் இடமும் அறியப்பட வேண்டும். வடங்கள் மேடையின் பின்புறமும் ஓரங்களும் வழியாகச் செல்ல வேண்டும். நடைவழியைக் கடந்தே ஆகவேண்டிய இடத்தில், ரப்பர் மேடுகளால் மூட வேண்டும். அவை கிடைக்காவிடில், நீளவாட்டில் துணிப்பட்டை நாடாவால் தரையோடு ஒட்ட வேண்டும். விரிப்பின் அடியில் வடத்தை மறைப்பது நன்றன்று. மிதிபட்டு நைவது கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும்.

ஒலிவாங்கித் தண்டின் அடியிலும் கருவிகளின் அருகிலும் ஓரிரு சுற்று வடத்தைத் தளர்வாக விட வேண்டும். எவரேனும் தடுக்கினாலும் இணைப்பு அறுந்து கருவி கவிழாமல் அந்தத் தளர்வு காக்கும். ஒவ்வொரு வடத்தின் இருமுனையிலும் பெயரோ எண்ணோ எழுதிய சீட்டை ஒட்டினால், பழுது நேரும்போது இருட்டில் தேடும் நேரம் மிச்சமாகும்.

மின்சுமையைக் கணக்கிடுவதும் இன்றியமையாதது. 1000 வாட் திறனுள்ள கருவி 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். மூன்று கருவிகளை ஒரே நீட்டிப்பு வடத்தில் இணைத்தால் 13 ஆம்பியர் ஆகும். மெல்லிய வயர் இச்சுமையைத் தாங்காது சூடேறும். உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தும் வடத்தில் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகும். ஆகவே, உருளையிலுள்ள வடத்தை முழுவதும் விரித்தே பயன்படுத்த வேண்டும். செருகியில்லாத கம்பி முனைகளைத் தீக்குச்சியால் துளையில் செருகி நிறுத்துவதும், அறுந்த வடத்தை முறுக்கி நாடா சுற்றி ஓட்டுவதும் விழாக்காலங்களில் காணும் வழக்கங்கள். இவை இரண்டும் முற்றிலும் விலக்கத்தக்கவை.

> தெரிந்து தெளிவோம்
> நிகழ்ச்சி முடிந்ததும் வடத்தை முழங்கையில் இறுக்கிச் சுற்றுவது எளிது; ஆயின், அது வடத்தின் உள்ளிருக்கும் இழைகளை முறுக்கி ஒடிக்கும். ஒரு சுற்று மேலாகவும் அடுத்த சுற்று உட்புறம் மடித்தும் மாற்றி மாற்றிச் சுற்றினால் முறுக்கு ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். அவ்வாறு சுற்றிய வடம், மறுநாள் எடுத்து வீசினால் சிக்கின்றி நேராக விரியும்.

மலைமேடை

கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறினால், கிழக்குத்தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை விரிகிறது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் இம்மலையில் கோமுகி ஆறு பிறக்கிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட இப்பகுதியில் கோடை விழாவும் ஊர்த் திருவிழாக்களும் கலைநிகழ்ச்சிகளுடன் நடைபெறுகின்றன.

சமவெளியில் போதுமான முன்னேற்பாடு மலையில் போதாது. கோடையில் திடீரென இடியுடன் மழை இறங்கும்; பின்னிரவில் பனி நனைக்கும். எனவே, மின்பலகைகளைத் தரையில் வைக்காமல் உயரமான பலகையின்மீது கூரையின்கீழ் வைக்க வேண்டும். வடங்களின் இணைப்புகள் பள்ளத்தில் அமையலாகாது. பாறை நிலம் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. ஆகவே, புவி இணைப்புத் தண்டை ஈரமண் உள்ள இடம் தேடி ஆழமாக இறக்க வேண்டும்; நிலையான புவி இணைப்புக் குழிகளில் கரியும் உப்பும் இட்டு நீர் ஊற்றுவது இதற்காகவே. மின்னியற்றி எனப்படும் ஜெனரேட்டரைப் பயன்படுத்தும்போது, அதன் உலோக உடலுக்கும் புவி இணைப்பு தேவை. அதன் புகை மேடைக்கும் மக்களுக்கும் எதிர்த்திசையில் செல்லுமாறு நிறுத்த வேண்டும். இடி முழங்கத் தொடங்கினால், நிகழ்ச்சியை நிறுத்தி மக்களைப் பாதுகாப்பான கட்டடங்களுக்கு அனுப்புவதே அறிவுடைமை.

தலைக்குமேல் செல்லும் கம்பி

கீழே கிடக்கும் வடத்தை மட்டுமன்றி மேலே செல்லும் மின்கம்பியையும் நோக்க வேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். பந்தற்கால், அலங்கார வளைவு, ஒலிபெருக்கிக் கோபுரம், பதாகை ஆகியவற்றை மின்கம்பியின் அடியிலோ அருகிலோ நிறுவுதல் கூடாது. தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கொக்கியிட்டு மின்சாரம் எடுப்பது சட்டப்படி குற்றம்; உயிருக்கும் கேடு. மின்வாரியத்தில் விண்ணப்பித்துத் தற்காலிக மின் இணைப்புப் பெறுவதே முறை.

எவரேனும் மின்தாக்குதலுக்கு உள்ளானால், அவரைத் தொடுவதற்குமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வீட்டு மின்னழுத்த அளவில் உடனே நிறுத்த இயலாதபோது, உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் வடத்தை விலக்கலாம். உயரழுத்தக் கம்பியாயின், மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும்வரை எவரும் நெருங்கலாகாது. 108 அவசர ஊர்தியை அழைத்து, மூச்சின்றிக் கிடப்பவரின் நடுமார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகவே, மேடை அமைக்கும்போதே முதன்மைச் சுவிட்சு இருக்கும் இடத்தை ஒருவருக்கேனும் சுட்டிக்காட்டி, அவரை அதன் அருகில் இருத்துவது கடமையாகும்.

காணப்படாத கைகள்

மாலையில் மக்கள் கூடுவதற்கு முன்பே வந்து, விடிந்து மக்கள் கலைந்த பின்பே செல்பவர் ஒலி, ஒளி அமைப்பாளர். ஊரார் அவரை ‘மைக் செட்டுக்காரர்’ என அழைப்பர். அழைப்பிதழில் அவர் பெயர் கடைசி வரியில் இடம்பெறும். சிலவேளை இடம்பெறாமலும் போகும். மேடையேறும் கலைஞர் ஒவ்வொருவரும் தம் உயிரை அவர் கையில் ஒப்படைத்தே பாடுகின்றனர். “இன்னும் கால்மணி நேரம் ஆகும், புவி இணைப்பைச் சரிபார்க்க வேண்டும்” என்று அவர் சொல்லும்போது, விழாக்குழுவினர் அவரை விரைவுபடுத்தாமல் காத்திருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

புவி இணைப்புக் கம்பி எந்த இசையையும் எழுப்புவதில்லை. அது செம்மையாக இருந்தால், இரவு முழுவதும் ஆடிய கூத்தர் விடியலில் சலங்கையை அவிழ்த்துவைத்து வீடு திரும்புவார்.

கலைச்சொல் அறிவோம்

ஒலிவாங்கி – மைக்
மின்வடம் – பவர் கேபிள்
புவி இணைப்பு – எர்த்திங்
மின்னியற்றி – ஜெனரேட்டர்
உருகி – ஃபியூஸ்
கசிவுத் துண்டிப்பான் – ஆர்.சி.சி.பி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி ஆண்டு விழா மேடையின் படத்தை வரைந்து, மின்வடங்களும் ஒலிவடங்களும் செல்ல வேண்டிய வழிகளை இருவேறு நிறங்களில் குறிக்க.
2. உங்கள் ஊரின் ஒலி, ஒளி அமைப்பாளர் ஒருவரை நேர்கண்டு, அவர் தம் பணியில் பின்பற்றும் பாதுகாப்பு முறைகளைத் தொகுத்து வகுப்பில் வழங்குக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. மின்வடமும் ஒலிவடமும் சந்திக்கும் இடத்தில் அவை அமைய வேண்டிய முறை
அ) இணையாக ஓடுதல்  ஆ) ஒன்றோடொன்று முறுக்குதல்  இ) செங்கோணத்தில் கடத்தல்  ஈ) ஒரே நாடாவில் கட்டுதல்

2. சரியான கூற்றைத் தேர்க.
அ) எம்.சி.பி. இருந்தால் கசிவுத் துண்டிப்பான் தேவையில்லை.
ஆ) உருளையில் சுற்றிய வடத்தை விரித்தே பயன்படுத்த வேண்டும்.
இ) இரைச்சலை நீக்கப் புவி இணைப்பை அறுக்கலாம்.
ஈ) பாறை நிலம் மின்சாரத்தை எளிதில் ஏற்கும்.

குறுவினா

1. மாதவி ஆடிய அரங்கின் அளவுகள் யாவை?
2. கூத்துக்களத்தில் ஒலிவாங்கியைத் தொங்கவிடுவதன் பயன் யாது?

சிறுவினா

1. ‘எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதரைக் காக்கத் தனிக்கருவி வேண்டும்’ – விளக்குக.
2. மலைப்பகுதியில் மேடை அமைப்போர் மேற்கொள்ள வேண்டிய முன்னேற்பாடுகளைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா

1. இசைநிகழ்ச்சி மேடையில் கம்பிவடங்களைப் பாதுகாப்பாகக் கையாளும் முறைகளைப் பாடப்பகுதிவழி விவரித்து, அதில் விழாக்குழுவினருக்குள்ள பொறுப்பையும் நிறுவுக.